பாவா ஆதம் மலைக்குப் போகும் வழியில்

ஆண்டிறுதி விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் ஹட்டன் நகரத்துக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். கொழும்பிலிருந்தும், புத்தளத்திலிருந்தும், காத்தான்குடி, அக்கரைப்பற்று போன்ற கிழக்கூர்களிலிருந்தும் வேன்களில் குடும்பம் குடும்பமாக நம்மவர்கள் வந்து இறங்குவார்கள். வாப்பும்மா முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் இருப்பார்கள். வீட்டிலிருந்தே சமைத்துக் கட்டிய சோற்றுப் பொதியும், பிளாஸ்கில் தேநீரும் கூடவே வரும். நீர்வீழ்ச்சிக்கு முன்னால் ஒரு படம், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு படம், நுவரெலியா வாவிக் கரையில் ஒரு படம். மாலையில் கரட்டும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

இப்படி வந்து போவதில் தவறொன்றும் இல்லை. வீட்டு வேலையிலேயே ஆண்டு முழுவதும் உழலும் சகோதரிகளுக்கு இரண்டு நாள் குளிர்காற்று கிடைப்பது நல்லதுதான். பூமியில் பயணம் செய்து, பார்த்துப் படிப்பினை பெறும்படி நமது மார்க்கமும் நம்மைத் தூண்டுகிறது. ஆனால், பார்ப்பது வேறு, படிப்பினை பெறுவது வேறு. ஊர் திரும்பிய பிள்ளையிடம், "மலைநாட்டில் என்ன கண்டாய்?" என்று கேட்டால், "பச்சைப் பசேல் என்று இருந்தது" என்பதற்கு மேல் ஏதாவது சொல்லத் தெரிய வேண்டாமா?

அதற்கு உதவக்கூடிய ஒரு வழிகாட்டி நம்மிடம் இருக்கிறார். ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் இதே மலைக்கு வந்து, கண்டதையும் கேட்டதையும் சொல்லிச் சென்றவர் அவர்.

ஒரு முஸாபிரின் இரு எல்லைகள்

இப்னு பதூதா என்ற பெயரை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். மொரோக்கோ நாட்டின் தன்ஜா நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்தவர். 1325இல், இருபத்தோரு வயதில், ஹஜ்ஜை நிய்யத் செய்து வீட்டைவிட்டுப் புறப்பட்டார். ஹஜ் நிறைவேறியது. ஆனால் பயணம் நிற்கவில்லை. எகிப்து, சிரியா, பாரசீகம், கிழக்கு ஆபிரிக்கா, டில்லி, மலபார், மாலைதீவு என்று சுமார் முப்பது ஆண்டுகள் அலைந்தார். டில்லியிலும் மாலைதீவிலும் காழியாகக் கடமை புரிந்தார். கிழக்கே அவர் கண்ட அற்புதங்களில் ஒன்று நமது பாவா ஆதம் மலை. அவருடைய கடைசிப் பெரும் பயணமோ ஆபிரிக்காவின் மேற்கே, மாலி நாட்டுக்கு.

1352இல் ஒட்டகக் கூட்டத்தோடு சஹாராப் பாலைவனத்தைக் கடந்து அவர் மாலிக்குப் போனார். அப்போது மன்ஸா சுலைமான் என்பவர் அங்கே ஆட்சி செய்தார். அரசர் தமக்கு விருந்துக் கொடை அனுப்புகிறார் என்று கேட்டதும், பட்டாடையும் பணமும் வரப்போகின்றன என்று இவர் எதிர்பார்த்திருந்தார். வந்ததோ மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, ஒரு சுரைக்குடுக்கைத் தயிர்! அதைப் பார்த்துத் தமக்குச் சிரிப்பு வந்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அதே மனிதர்தான் அந்நாட்டு மக்களின் நீதியுணர்வையும், வழிப்போக்கனுக்குக் கள்வர் பயம் இல்லாததையும், அந்நிய நாட்டவன் அங்கே மரணித்தால் அவன் பொருளில் யாரும் கை வைக்காததையும், ஜும்ஆவுக்கு வெள்ளாடை அணிந்து திரள்வதையும், பிள்ளைகளுக்குக் குர்ஆனை மனனம் செய்விப்பதில் காட்டும் கண்டிப்பையும் மனம் நிறையப் புகழ்ந்து பதிவு செய்தார். தமக்குப் பிடிக்காத வழக்கங்களையும் மறைக்கவில்லை.

அந்தப் பக்கத்து வலாத்தா என்னும் ஊரில் ஒரு செய்தி அவரை வியக்க வைத்தது. அங்கே மனிதர்கள் தந்தை வழியால் அல்ல, தாய்மாமன் வழியால் தங்களை அடையாளம் சொன்னார்கள். இதை மலபாரில் தவிர வேறெங்கும் தாம் கண்டதில்லை என்றார் அவர். நமது கிழக்கு மாகாணத்தில் தாய்வழியாக 'குடி' சொல்லும் வழக்கத்தை அறிந்த சகோதரிகளுக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

இவ்வாறு உலகின் இரண்டு ஓரங்களையும் பார்த்த அவரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் மலையையும் பாலையையும் மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை. யார் சோறு போட்டார்கள், யார் வழி காட்டினார்கள், யார் சுமை தூக்கினார்கள் என்பதையும் நினைவில் வைத்திருந்து சொன்னார். மொரோக்கோ திரும்பிய பின் அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதினார். 1355இல் நிறைவடைந்த அந்தப் பயண நூலே 'ரிஹ்லா' என்று அரபுலகில் பெயர் பெற்றது.

காற்று கொண்டுவந்து சேர்த்த கப்பல்

1344ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 745இல், இப்னு பதூதா மாலைதீவிலிருந்து தமிழகக் கரையை நோக்கிக் கப்பலேறினார். காற்று திசைமாறி, கப்பல் இலங்கைக் கரைக்கு வந்தது. அவர் இறங்கிய பத்தாலா என்னும் இடம் இன்றைய புத்தளம் என்று கொள்ளப்படுகிறது. அங்கே ஆட்சி செலுத்திய ஆரியச் சக்கரவர்த்தி, பாரசீக மொழி அறிந்தவர். முத்துக் குளிப்பின் செல்வத்தில் செழித்திருந்தவர். வந்த விருந்தாளியை மதித்து, வேண்டியதைக் கேட்கச் சொன்னார். "இத்தீவுக்கு வந்த எனக்கு ஒரே ஆசைதான், ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு இருக்கும் மலையைப் பார்க்க வேண்டும்" என்ற கருத்தில் இவர் பதில் சொன்னார்.

அரசர் ஒரு பல்லக்கையும் அதைச் சுமக்க ஆட்களையும் கொடுத்தார். ஆண்டுதோறும் மலைக்குப் போய்ப் பழகிய யோகிகள் நால்வர், பிராமணர்கள் மூவர், அரசரின் ஆட்கள் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமப்பவர்கள் பதினைந்து பேர் என ஒரு கூட்டத்தையும் துணைக்கு அனுப்பினார். மொரோக்கோவிலிருந்து வந்த ஒரு காழி, யோகிகளும் பிராமணர்களும் வழிகாட்ட, ஒரு மலையைப் பார்க்கப் போகிறார்! அவரவர் நம்பிக்கை அவரவரிடம் இருந்தது. வழியிலோ ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள்.

சிலாபத்தைக் கடந்து உள்நாட்டுத் தலைநகர் ஒன்றை அவர்கள் அடைந்தார்கள். அது குருநாகல் என்பாரும் உண்டு, கம்பளை என்பாரும் உண்டு. ஊருக்கு வெளியே ஷீராஸ் நாட்டு ஷைகு உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் ஒன்று இருந்ததாகவும், அரசரும் குடிமக்களும் அவரைச் சந்தித்து மரியாதை செய்து வந்ததாகவும் இப்னு பதூதா குறிப்பிடுகிறார். இந்நாட்டவர் முஸ்லிம்களைத் தங்கள் வீடுகளில் தங்கவைத்து உணவளிப்பார்கள், தங்கள் குடும்பத்தார் இருக்கும் வீட்டில் நம்பிக்கையோடு இடம் தருவார்கள் என்பதையும் அவர் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

காட்டு வழியில் அட்டைக்கடி அவரையும் விடவில்லை. நீர்நிலை ஓரத்துப் புல்லிலும் மரத்திலும் இருந்து பாய்ந்து ஒட்டிக்கொள்ளும் இந்தப் பிராணியைச் சமாளிக்க, ஊரார் எலுமிச்சம்பழத்தைக் கையோடு வைத்திருப்பார்கள். அதன் மேல் சாற்றைப் பிழிந்ததும் அது விழுந்துவிடும் என்று அவர் எழுதுவித்தார். எங்கள் தோட்டப்புறங்களில் இன்றும் அட்டைக்குத் தேசிக்காய்ச் சாறோ, உப்போ, சவர்க்காரமோதான் மருந்து.

உச்சிக்கு அருகே செங்குத்தான பாறையில் இரும்புச் சங்கிலிகள் தொங்கின. அவற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பத்துச் சங்கிலிகள் இருந்தன என்றும், பத்தாவதுக்குக் 'கலிமாச் சங்கிலி' என்று பெயர் என்றும் அவர் கூறுகிறார். அந்த இடத்தில் நின்று கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமாவை மொழிவாராம்! இரத்தினபுரிப் பக்கத்துப் பழைய பாதையோடுதான் இந்தச் சங்கிலிகளைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். இவருக்கு அரை நூற்றாண்டு முன்னரே மார்க்கோ போலோவும் இம்மலைச் சங்கிலிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

ஒரு மலை, பல பெயர்கள்

2,243 மீற்றர் உயரமான இந்த மலையை நாம் பாவா ஆதம் மலை என்கிறோம். பௌத்தர்கள் ஸ்ரீ பாத என்றும் சமனல கந்த என்றும் அழைத்து, புத்தரின் பாதம் என்று போற்றுகிறார்கள். சைவர்களுக்கு இது சிவனொளிபாத மலை. கிறிஸ்தவர்களில் சிலர் தோமையாரின் பாதம் என்றார்கள்.

மார்க்கக் கல்வி கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஆதம் (அலை) அவர்கள் பூமியில் எந்த இடத்தில் இறங்கினார்கள் என்று குர்ஆனில் பெயர் குறிப்பிடப்படவில்லை. சரந்தீபில் இறங்கினார்கள் என்ற செய்தி வரலாற்று அறிவிப்புகளில் வருகிறது. இமாம் தபரீ (ரஹ்) போன்றோர் பல அறிவிப்புகளுள் ஒன்றாக அதையும் பதிந்துள்ளனர். ஹிஜ்ரி 237, அதாவது கி.பி. 851 அளவில் தொகுக்கப்பட்ட அரபு வணிகர்களின் செய்தித் தொகுப்பிலேயே இந்த மலையும் பாதச்சுவடும் பேசப்படுகின்றன. ஆகவே இது நமது ஈமானின் அம்சம் அல்ல. ஆனால் அரபு மாலுமிகளையும் ஃபகீர்களையும் அறிஞர்களையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இத்தீவை நோக்கி இழுத்து வந்த ஒரு வரலாற்றுச் செல்வம். இந்த இரண்டையும் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக்கொடுத்தால், "பாதம் யாருடையது?" என்று யாரோடும் வாதாடத் தேவையிருக்காது.

முன்னோர் அப்படி வாதாடிக்கொண்டிருக்கவில்லை என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட அவருடைய கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதில் மூன்று மொழிகள் உண்டு. சீன மொழிப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையின் தென்னாவர நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. அந்தக் கல் கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் சேர்ந்தது. கொழும்புச் சகோதரிகள் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப்போய்க் காட்டலாம்.

நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு வரும் பகுதியில் அம்பகமுவ என்ற ஊர் இருக்கிறது. அங்கே முதலாம் விஜயபாகு மன்னரின் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட அந்த மன்னர், மலைக்குப் போகும் யாத்திரிகர்களுக்கு உணவு கிடைப்பதற்காகக் கிராமங்களை மானியமாக விட்ட செய்தியை அது சொல்கிறது. வழிப்போக்கனுக்குச் சோறு போடுவதை ஒரு மன்னர் கல்லில் எழுதி வைக்கும் அளவுக்குப் பெரிய கடமையாகக் கருதினார். இப்னு பதூதா வந்த காலத்திலும் அந்த மண்ணில் அந்தக் குணம் இருந்ததை மேலே கண்டோம்.

பச்சையைப் போர்த்திய கைகள்

இப்னு பதூதா கண்ட மலைநாடு பெருங்காடு. இன்று நீங்கள் காணும் தேயிலை அப்போது இங்கே இல்லை. ஆங்கிலேயர் முதலில் பயிரிட்டது கோப்பி. 1820களிலிருந்து தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கங்காணிமார் அழைத்து வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை அவர்கள் கால்நடையாக நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். அந்தத் தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

தேயிலையைக் கீழே கொண்டுபோக ரயில் வந்தது. 1884இல் ஹட்டனுக்கும், அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் பாதை திறக்கப்பட்டது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. மலையக ரயில் பாதையில் இதுவே மிக நீளமான சுரங்கம். ரயில் அதற்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ஓவென்று கூச்சலிடுவார்கள். அரை கிலோ மீற்றருக்கும் அதிகமான அந்தப் பாறையைக் குடைந்தவர்களின் நினைவு அந்த நேரத்தில் நமக்கு வருவதில்லை.

இந்தத் தோட்டங்களை உண்டாக்கிய மக்களின் பெருந்தொகையினர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டு, பல குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று பிரிந்த வீடுகள் எத்தனையோ! எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வர வேண்டியிருந்தது.

சகோதரிகளே, நீங்கள் காரை நிறுத்திப் படம் எடுக்கிறீர்களே, அந்தப் பெண்ணைப் பற்றிச் சற்று நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, சிறிய லயக் காம்பராவில் அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு அவள் மலையேறுகிறாள். இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ள வேண்டும். மடுவத்தில் நிறுவைக்குப் போகும்போது பல தோட்டங்களில் 18 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால்தான் முழுப்பேர் விழும். நாலரைக் கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள். உங்கள் வீட்டு நோன்பு திறக்கும் நேரத்துத் தேநீரில் அவள் கை பட்டிருக்கிறது. "அம்மா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எடுத்தால் என்ன குறைந்துவிடும்? நமது பெண்களை அறிமுகமில்லாத ஒருவர் கேளாமல் படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

இம்மக்களுக்கென்று கலைச் செல்வமும் உண்டு. மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுவார்கள். தப்பு முழங்கும். கொழுந்து மலையிலும் லயத்திலும் பிறந்த அவர்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தேடிச் சேகரித்தவர் ஸி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் ஒரு தோட்டத்திலே பிறந்து, ஆசிரியராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர் அவர். நமது மார்க்க வரம்பு நமக்குண்டு. அதற்காக, அயலவரின் வாழ்வையும் துயரையும் சொல்லும் கலையை அறிந்து மதிப்பதில் தடையேதும் இல்லை.

நீருக்குள் ஓர் ஊர்

ஹட்டனிலிருந்து மலையடிவாரமான நல்லதண்ணிக்குச் சுமார் 33 கிலோ மீற்றர். வழியில் காசல்ரீ, மவுஸ்ஸாகலை ஆகிய நீர்த்தேக்கங்களைக் காணலாம். 1960களில் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை இவை. மவுஸ்ஸாகலைத் தண்ணீருக்கடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் இடிபாடுகள் வெளியே தெரியும். ஒரு காலத்தில் கடைத்தெருவாக இருந்த இடத்தில் மக்கள் மீண்டும் நடந்து பார்ப்பார்கள். நமது வீட்டு மின்விளக்குக்காக ஓர் ஊர் இடம்பெயர்ந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நுவரெலியா வீதியில் தலவாக்கலைக்கு அருகே டெவன், செயின்ட் கிளயர் நீர்வீழ்ச்சிகள் இருக்கின்றன. 2012இல் முடிவடைந்த மேல் கொத்மலை மின்திட்டத்தால் செயின்ட் கிளயரின் இயற்கையான நீரோட்டம் முன்போல் இல்லை. பழைய படங்களில் கண்ட பெருவெள்ளத்தை எதிர்பார்த்து வருவோர் ஏமாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பாவா ஆதம் மலையைச் சூழ்ந்த காடு, ஹோர்ட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் மலைகளோடும் சேர்த்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. களனி கங்கையும் களு கங்கையும் வளவை கங்கையும் இந்தக் காடுகளில்தான் ஊற்றெடுக்கின்றன. கொழும்பு மக்கள் குடிக்கும் நீரின் பெரும்பகுதி களனி கங்கையினது. ஆகவே மலைப்பாதையில் வீசியெறியும் பிளாஸ்டிக் போத்தலும் பொலித்தீன் பையும் யாருடைய நீரைக் கெடுக்கின்றன என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்ற சமுதாயம் நாம். நாமே பாதையில் தொல்லையைப் போட்டுவிட்டு வரலாமா?

ஏழு கன்னி மலையில் உறங்கும் ஹாஜிகள்

நோர்ட்டன் பிரிஜ் பக்கம் போகும்போது வரிசையாகத் தெரியும் சிகரங்களை ஏழு கன்னி மலை என்பார்கள். நம் வேன்கள் பல அதைப் பார்த்தபடியே கடந்து போகின்றன. அங்கே நடந்தது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட விமானமொன்று கொழும்பில் இறங்கிப் பின்பு ஜித்தா செல்வதற்காக வந்துகொண்டிருந்தது. அது ஒரு டச்சு நிறுவனத்தின் விமானம். விமானிகள் தாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பிழையாகக் கணித்து, உரிய நேரத்துக்கு முன்பே தாழ இறங்கினார்கள். இரவு பத்து மணியளவில் விமானம் ஏழு கன்னி மலையில் மோதிச் சிதறியது. 182 ஹஜ் பயணிகளும் 9 பணியாளர்களும், ஆக 191 பேரும் உயிரிழந்தார்கள். ஒருவரும் தப்பவில்லை. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

அடையாளம் காண முடியாத நிலையில் அவர்கள் அந்த மலைப் பகுதியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். நோர்ட்டன் பிரிஜ் பகுதியில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் உண்டு. எத்தனையோ ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, உறவினரிடம் பொறுப்புச் சொல்லி, கண்ணீரோடு விடைபெற்றுக் கிளம்பிய மனிதர்கள் அவர்கள். கஃபாவைக் காணக் கொடுத்துவைக்காமல், பெயர் தெரியாத ஒரு மலையில் மண்ணுக்குள் போய்விட்டார்கள். பாவா ஆதம் மலையைக் காண மணிக்கணக்கில் பயணம் செய்யும் நாம், வழியில் இருக்கும் இந்த முஸாபிர்களுக்காக வேனை ஐந்து நிமிடம் நிறுத்தி ஒரு துஆச் செய்யக் கூடாதா?

புறப்படுமுன் கவனிக்க

மலையேறும் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. மற்றக் காலங்களில் மழையும் காற்றும் பலமாக இருக்கும். பாதையில் விளக்கும் இராது. நல்லதண்ணி வழிதான் மற்ற வழிகளைவிடக் குறுகியது. ஆனால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். ஏறுவதற்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். போயா தினங்களிலும் வார இறுதியிலும் நெரிசல் அதிகம். குடும்பத்தோடு வருபவர்கள் வார நாளில் வருவது நல்லது.

முழங்கால் வலி, இருதய நோய், மூச்சுத்திணறல் உள்ள மூத்தவர்களை வற்புறுத்தி ஏற்ற வேண்டாம். அடிவாரத்திலிருந்து பார்த்தாலே போதும். உச்சியில் கடுங்குளிர் இருக்கும். குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டையும் காது மூடும் தொப்பியும் அவசியம். தரையில் இழுபடும் ஆடை படிகளில் தடுக்கிவிடும். உடலை மறைக்கும், ஆனால் நடக்க வசதியான ஆடையும், வழுக்காத சப்பாத்தும் அணிந்து, மஹ்ரமான துணையோடு வாருங்கள். சூரிய உதயம் பார்க்க இரவு இரண்டு மணியளவில் ஏறத் தொடங்குவார்கள். சுபுஹுத் தொழுகையைத் தவறவிடாமல், நேரத்தைக் கணக்கிட்டு வழியில் ஒதுக்குப்புறமான சுத்தமான இடத்தில் தொழுதுகொள்ளுங்கள். உதய வேளையில் மலையின் நிழல் முக்கோண வடிவில் மேற்கே பரந்து விழும். அல்லாஹ்வின் படைப்பை எண்ணி வியக்க அந்தக் காட்சி ஒன்றே போதும்.

உச்சி பௌத்தர்களின் புனிதத் தலமாகப் பராமரிக்கப்படுகிறது. அங்கே பாதணி கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். அவர்களின் சடங்குகளில் நாம் கலந்துகொள்ள வேண்டியதில்லை. கேலியாகப் பேசுவதும், உரக்கச் சிரிப்பதும், பிறர் வணங்கும் நேரத்தில் குறுக்கே நின்று படம் எடுப்பதும் நமக்கு அழகல்ல. நாம் நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டுதான் பார்ப்பவர்கள் நமது மார்க்கத்தை எடைபோடுவார்கள்.

இன்னொன்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலைநாட்டில் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கியது. உயிர்களும் வீடுகளும் பறிபோயின. மலையக ரயில் பாதையும் சேதமடைந்தது. எனவே ரயிலோ வீதியோ எதுவானாலும், புறப்படுமுன் நிலைமையை விசாரித்துக்கொள்ளுங்கள். கடும் மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வரும்போது இங்குள்ள சிறு கடைகளில் சாமான் வாங்குங்கள். அதுவும் ஓர் உதவிதான்.

மண் பூசும் ஊர்

இப்னு பதூதா போன மாலி நாட்டில் ஜென்னே என்ற நகரம் உண்டு. அங்குள்ள பெரிய பள்ளிவாசல் முழுக்க முழுக்க மண்ணால் கட்டப்பட்டது. இப்போதைய கட்டடம் 1907இல் எழுப்பப்பட்டது. மழை ஒவ்வோர் ஆண்டும் மண்ணைக் கரைத்துவிடும். ஆகவே ஆண்டுக்கொரு முறை ஊரே திரண்டு புதுமண் பூசும். இளைஞர்கள் குழைத்த மண்ணைக் கூடையில் சுமந்து ஓடுவார்கள். அதற்கு வேண்டிய தண்ணீரைப் பெண்கள் தலையில் சுமந்து வருவார்கள். அந்தப் பெண்கள் தண்ணீர் கொண்டுவராவிட்டால், உலகம் போய்ப் பார்க்கும் அந்தப் பள்ளிவாசல் சில மழைக்காலங்களில் கரைந்துவிடும்.

அதே நாட்டின் திம்புக்து நகரில் 2012இல் ஆயுதமேந்திய கூட்டமொன்று பழைய அடக்கத்தலங்களை உடைத்து நொறுக்கியது. நூற்றாண்டுகளாகக் குடும்பங்கள் பெட்டிகளில் போற்றிவந்த அரபுக் கையெழுத்துப் பிரதிகளை, ஊர்மக்களே உயிரைப் பணயம் வைத்து மறைத்து, தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். உடைக்கப்பட்ட கட்டடங்களை 2015இல் யுனெஸ்கோவின் உதவியோடு அவ்வூர்க் கொத்தனார்களே மீண்டும் கட்டினார்கள். அடக்கத்தலங்களைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஒரு சமுதாயத்தின் நினைவைச் சம்மட்டியால் அடித்து அழிப்பதை எந்த அறிஞரும் கல்வி என்று சொல்ல மாட்டார்.

மரபுச் செல்வம் என்றால் கல்லும் கட்டடமும் மட்டும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அதைத் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் ஜென்னேயில் தண்ணீர் சுமக்கும் பெண்கள், திம்புக்துவில் பெட்டியைக் காத்த குடும்பங்கள், ஹட்டனில் கொழுந்துக்கூடை சுமக்கும் தாய்மார். இப்னு பதூதாவின் பல்லக்கைச் சுமந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனாலும் சுமந்தார்கள் என்பதை அவர் சொல்லிவிட்டுப் போனார்.

சகோதரிகளே, அடுத்த விடுமுறைக்கு வருவதாக இருந்தால், வருவதற்கு முந்திய ஓர் இரவில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து இந்தக் கதைகளைச் சொல்லுங்கள். ஒரு கொப்பியையும் பென்சிலையும் கையில் கொடுத்து, "வழியில் நமக்கு உதவி செய்தவர்கள் யார் யார் என்று எழுதிக்கொண்டு வா" என்று சொல்லுங்கள். தேநீர் ஊற்றித் தந்தவர், வழி காட்டியவர், படியைக் கூட்டிச் சுத்தம் செய்தவர், வேன் ஓட்டியவர் என்று அந்தப் பட்டியல் நீளட்டும். ஊர் திரும்பியதும் அவர்களுக்காகப் பிள்ளை துஆச் செய்யட்டும். நமது பயணங்களை நற்பயன் தருபவையாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.